பழைய மோட்டாரும் பொய் சொல்லும் முள்ளும்

மோட்டார் வண்டியை ஓட்டுபவருக்கு எதிரே, கண்ணாடி முகங்கள் சில பதித்த பலகை ஒன்று இருக்கிறது. டாஷ்போர்டு என்று அதனை அழைக்கிறோம். குதிரை வண்டிக் காலத்தில், குதிரையின் குளம்புகள் வாரியிறைக்கும் சேறு ஓட்டுபவர் மீது படாதவாறு வண்டியின் முன்புறத்தில் ஒரு பலகையை நிறுத்தி வைத்தார்கள். குதிரை போய்விட்டது, பலகையின் பெயர் மட்டும் போகவில்லை. அன்று சேற்றைத் தடுத்த பலகை இப்பொழுது செய்தி சொல்லும் பலகையாகிவிட்டது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடேறியிருக்கிறது, என்ன வேகத்தில் போகிறோம், பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, எண்ணெய் தக்க அழுத்தத்தோடு ஓடுகிறதா என்னும் வினாக்களுக்கெல்லாம் அது விடையளிக்கிறது.

அவ்விடை பொய்யாக இருந்தால் என்ன செய்வது? அதனைப் பற்றியே இங்கே பேசப் போகிறேன்.

சென்னைக்கு மேற்கே பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வளரும் மாணவர்களுக்கு மோட்டார் என்பது அயல்வீட்டுச் செய்தியன்று. பாடியில் 1961-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் டைனமோ, ஸ்டார்ட்டர் முதலான மின்பொறிகளைச் செய்து வந்தது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் சென்னையிலேயே உருவாயிற்று. அம்பாசடர் கார் 1957 முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இவற்றைப் போற்றி வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளின் நிழலில், சாலையோரக் கொட்டகைகளில், இவ்வண்டிகளின் வயிற்றைத் திறந்து பார்க்கும் கைவேலைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுபவர் பார்ப்பது பெட்ரோலை அன்று. பெட்ரோலைப் பற்றிய ஒரு செய்தியையே அவர் பார்க்கிறார். தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறுகிறது. மிதவையோடு இணைந்த ஒரு கை, மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் உராய்ந்து நகர்கிறது. தொட்டி நிறைந்தால் தடை குறையும். தொட்டி வற்றினால் தடை மிகும். (சில வண்டிகளில் இது தலைகீழாகவும் இருக்கும், ஆகையால் வண்டியின் கையேட்டை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.) தடைக்கு ஏற்ப ஒரு கம்பியின் வழியே மின்னோட்டம் கூடியும் குறைந்தும் ஓடுகிறது. அக்கம்பி முன்பலகையிலுள்ள மானியில் போய் முடிகிறது. ஆக, ஒரு செய்தி மூன்று நான்கு கைகள் மாறி வந்து சேருகிறது. ஊரில் உலவும் வதந்தியைப் போல, எந்தக் கையில் அது திரிந்தது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பவரின் வேலை.

மானிக்குள்ளே நடப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். 1960-ஆம் ஆண்டுகளின் கார்கள் பலவற்றில், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு மெல்லிய பட்டை மானிக்குள் இருக்கிறது. அதன் மேல் மின்கம்பி சுற்றியிருக்கும். மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடேறும். ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் பட்டை வளையும். வளைவு முள்ளை நகர்த்தும். வெப்பத்தால் ஏறக்குறைய விரியாமலே இருக்கும் இன்வார் என்னும் உலோகக் கலவையைக் கண்டறிந்த கியோம் என்னும் அறிஞருக்கு 1920-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. இத்தகைய பட்டைகளில் விரியாத பக்கத்துக்கு ஏற்றது அக்கலவையே. சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் முள் சோம்பல் முறித்தாற்போல மெதுவாக எழுவதற்கும், மேடுபள்ளத்தில் பெட்ரோல் அலைமோதினாலும் முள் துள்ளாமல் இருப்பதற்கும் இந்தப் பட்டையே காரணம்.

ஆனால், இதில் ஓர் இடையூறு உண்டு. பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டு என்று சொன்னாலும், வண்டி ஓடும்போது அது 14 வரை ஏறுகிறது. பெட்ரோல் அதே அளவு இருக்க, முள் மட்டும் ஏறினால் என்னாவது? எனவே, தீப்பெட்டி அளவுள்ள சீராக்கி ஒன்றை முன்பலகையின் பின்னால் வைத்தார்கள். அதற்குள்ளும் ஒரு வளையும் பட்டை. சூடேறினால் அது தொடுமுனையைப் பிரிக்கும், ஆறினால் சேர்க்கும். இவ்வாறு விட்டுவிட்டுத் தருவதால் மானிக்குக் கிடைக்கும் சராசரி 10 வோல்ட்டாக நிற்கிறது. பெட்ரோல் மானி, வெப்ப மானி இரண்டுக்கும் இந்த ஒரே சீராக்கிதான்.

இவ்வளவு தெரிந்தால் பழுதின் இருப்பிடம் பாதி தெரிந்துவிட்டது. இரண்டு முட்களும் ஒன்றாகப் பிசகினால் இருவருக்கும் பொதுவான ஆளைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் அளவுக்கு மேல் காட்டினால், சீராக்கியின் எர்த்து விட்டிருக்கலாம். அப்போது அதன் பட்டை சூடேறாது, தொடுமுனை பிரியாது, முழு அழுத்தமும் மானிக்குப் போய்விடும். இரண்டும் எழாமல் கிடந்தால் ப்யூஸையும் சீராக்கிக்கு வரும் கம்பியையும் பார்க்க வேண்டும். ஒரு முள் மட்டும் பிசகினால் சீராக்கியின் மேல் குற்றமில்லை. இந்தச் சிறு ஆராய்ச்சியைச் செய்யாமல், எடுத்த எடுப்பிலே மானியை மாற்றுகிறவர்கள் பலர். பழைய வண்டிக்கு மானி கிடைப்பதே அரிது. புதிதாக மாட்டிய மானியும் அதே பொய்யைச் சொல்லும்போதுதான் அவர்களுக்கு ஐயம் பிறக்கிறது.

பெட்ரோல் முள் மட்டும் ‘இல்லை’ என்றே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியிலிருந்து வரும் கம்பியை, தொட்டிக்குத் தொலைவிலுள்ள ஓர் இணைப்பில் கழற்றி, மானிப் பக்கத்து முனையைச் சில விநாடிகள் வண்டியின் இரும்பு உடம்பில் தொடச் செய்ய வேண்டும். முள் நிறைவை நோக்கி எழுந்தால் மானியும் அதுவரை உள்ள கம்பியும் குற்றமற்றவை. குறை தொட்டிப் பக்கத்தில் இருக்கிறது. எழாவிட்டால் குறை முன்பக்கத்தில். தொட்டியின் வாயருகே இச்சோதனையைச் செய்வது ஆபத்து. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். மானிக்கு நேரே பாட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. உள்ளிருக்கும் சுருள் கருகிப்போகும்.

தொட்டிப் பக்கத்தில் குறையென்றால் மிதவைதான் கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டா. மோட்டார் வண்டியில் மின்சாரம் போவதற்குத்தான் கம்பி. திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பே வழி. தொட்டிக்கும் உடம்புக்கும் நடுவே துரு ஏறினால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஏரிகள் சூழ்ந்த நம் மேற்கு வட்டாரத்தின் ஈரக்காற்றில் செம்பு முனைகளில் களிம்பு ஏறுவதற்கு நாள் பிடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற பெருநீரில் நின்ற வண்டியாயின் சொல்லவே வேண்டியதில்லை. பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முனையை உப்புத்தாளால் தேய்த்து, திருகாணியை இறுக்கினால் பல வேளைகளில் முள் உயிர்பெற்றுவிடும். செலவு சில ரூபாய். தேடிக் கண்டதற்கான கூலியைத் தாராளமாகவே கொடுக்கலாம்.

பெட்ரோல் முள் பொய் சொன்னால் நடுவழியில் நிற்போம், அவ்வளவே. வெப்ப முள் பொய் சொன்னால் எஞ்சினே போய்விடும். இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் நீரில் மூழ்கியிருக்கும் வெப்ப உணர்வியின் தடை, சூடு ஏற ஏறக் குறைகிறது. எனவே அதன் கம்பி அறுந்தால், தடை மிகுந்ததாக மானி கருதிக்கொள்கிறது. முள் குளிர்ச்சிப் பக்கத்திலே படுத்துவிடுகிறது. பெட்ரோல் கம்பி அறுந்தால் முள் ‘இல்லை’ என்று அஞ்சவைக்கும். வெப்பக் கம்பி அறுந்தாலோ ‘அஞ்சற்க’ என்று அது அபயம் அளிக்கிறது! சித்திரை வெயிலில், பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில், தலைப்புறம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் எழாது. நீர் முழுதும் ஒழுகிப்போனாலும் இதே நிலை வரலாம். உணர்வி நீரைத் தொட்டால்தான் உண்மை சொல்லும். ஆகவே, அரைமணி நேரம் ஓடியும் வெப்ப முள் எழவில்லையென்றால் மகிழ்ச்சி கொள்ளாமல் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாயும்.

சிவப்பு விளக்குகளின் வேலை இன்னும் நுட்பமானது. எஞ்சின் ஓடுவதற்கு முன், சாவியைத் திருப்பியவுடன், எண்ணெய் விளக்கும் மின்னேற்ற விளக்கும் எரிய வேண்டும். ஆசிரியர் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்பது போன்றது இது. எரியாத விளக்கின் பல்பு போயிருக்கலாம். அது நாளை எண்ணெய் வற்றினாலும் வாய் திறவாது. மின்னேற்ற விளக்கு பாட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவே நிற்கிறது. டைனமோ சுழன்று பாட்டரிக்கு நிகரான அழுத்தத்தைப் பெற்றவுடன் விளக்கு அணைகிறது. இரண்டு ஏரிகளின் நீர்மட்டம் ஒன்றானால் இடைவாய்க்காலில் நீர் ஓடாது அல்லவா? அவ்வாறுதான்.

வேகமானிக்கு வருவோம். சுழலும் காந்தம் ஒன்று, தன்னைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. ஒரு மயிர்ச்சுருள் அதனைப் பின்னுக்கு இழுக்கிறது. 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. முள் நடுங்கினால் பெரும்பாலும் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிள் வறண்டிருக்கும். அல்லது எங்கோ கூர்மையாக வளைந்திருக்கும். சிறிது கிரீஸ் தடவினால் போதும். அளவு மிஞ்சினால் அது கேபிளின் வழியே ஏறி மானிக்குள் புகுந்து கிண்ணத்தையே கெடுத்துவிடும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த வண்டிகளும் இப்போது பழையவையாகிவிட்டன. அவற்றில் முள்ளுக்குப் பதிலாக, அல்லது முள்ளோடு கூட, திரவப் படிகத் திரையில் எண்கள் தெரிகின்றன. எண்ணின் ஒரு கால் மறைகிறது. சில நாள் திரை முழுதும் இருள்கிறது. பலகையைத் தட்டினால் திரும்ப வருகிறது. தட்டினால் வருவது ஒரு பெரிய துப்பு. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் சூட்டிலும் இரவின் குளிர்ச்சியிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி, மின்பலகையின் ஈயப் பற்றில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கலாம். திரைக்கும் மின்பலகைக்கும் நடுவே கரியும் ரப்பரும் அடுக்கிய இணைப்புப் பட்டை சில வண்டிகளில் இருக்கும், அது நெகிழ்ந்திருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியும் நுண்முனைப் பற்றிரும்பும் பழகிய கையும் உள்ளவர் ஒரு மணி நேரத்தில் சீர்செய்வார். இங்கே பல்பு வைத்த சோதனைக் கம்பியைப் பயன்படுத்தாமல் மல்டிமீட்டரையே பயன்படுத்த வேண்டும். நுண்சுற்றுகள் பல்பின் மின்னோட்டத்தைத் தாங்கமாட்டா.

அது முடியாமல் பலகை முழுவதையும் மாற்ற நேர்ந்தால், ஓடிய தூரத்தின் எண்ணும் மாறிவிடுகிறது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பலகை, அந்த வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டும். பழைய எண் என்ன, எந்த நாளில் மாற்றினோம் என்பதைப் பட்டறைச் சீட்டில் எழுதி வாங்கி, வண்டியின் ஆவணங்களோடு வைப்பது முறை. எழுதாமல் விட்டுச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அனுபவமுள்ள வாங்குவோர் எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்க்கிறார்கள்.