குதுப்மினார்: சாய்ந்தும் சாயாத கணக்கு

டில்லி குதுப்மினார் நேராக நிற்கவில்லை. 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சி தென்மேற்கே சுமார் 65 செ.மீ. சாய்ந்திருக்கிறது.

பயப்பட வேண்டுமா? கல் கட்டுமானம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பாரம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் கல் இணைப்புகள் வாய் பிளக்கும். வட்டத் தூணில் பாரம் இறங்கும் புள்ளி மையத்திலிருந்து விட்டத்தின் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை அந்த ஆபத்தில்லை. மினாரின் அடிவிட்டம் 14.3 மீட்டர், எனவே எல்லை சுமார் 1.8 மீட்டர். உச்சியே 65 செ.மீ.தான் விலகியிருக்கிறது. மேலே குறுகி, கனமெல்லாம் கீழே குவிந்த கோபுரத்தில் எடையின் மையம் அதைவிட மிகக் குறைவாகவே விலகியிருக்கும். 1803 பூகம்பத்தில் உச்சி மண்டபம் விழுந்தது, கோபுரம் நின்றது.

நிபுணர்களின் கவலை வேறு: மழைநீர். அது அடித்தளத்தில் இறங்கி, ஒரு பக்கத்து மண் இளகினால், சாய்வு கூடும்.