கரைத்து வடிகட்டும் நினைவு

வேண்டாத நினைவை அழிக்கும் மாத்திரை வந்துவிட்டது என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளிதழ்களில் வெளியாவதும், அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் கேட்டு எழுதுவதும் வழக்கமாகிவிட்டன. அப்படி ஒரு மாத்திரை இல்லை என்பதே அக்கேள்விக்கு உரிய நேர்மையான விடை. ஆயினும் அச்செய்திகளுக்கு அடியில் கிடக்கும் உண்மையான கண்டுபிடிப்பு, தலைப்புகள் சொல்வதைவிட மிகச் சிறியதாக இருந்தாலும், அவற்றைவிடப் பன்மடங்கு அழகானது. நடந்ததை மறந்துவிட்டு ஆக வேண்டியதைப் பார் என்று உறவினர் சொல்லும் ஆறுதல் மொழியை மூளையால் எந்த அளவுக்கு ஏற்று நடக்க இயலும் என்பதையும் அது காட்டுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிதாகக் கற்றது மனத்தில் நிலைபெறச் சிறிது காலம் ஆகும் என்று 1900இல் ஜெர்மனியின் ம்யூல்லர், பில்செக்கர் என்னும் இருவர் எழுதி, அதற்கு உறுதிப்படல் என்று பெயரிட்டனர். ஒருமுறை உறுதிப்பட்ட நினைவு பிறகு மாறாது என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு மாறான சான்று 1968இலேயே எலிகளிடம் கிடைத்திருந்தும், நெடுங்காலம் அது பெரிதாகப் பொருட்படுத்தப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கரீம் நாடர், கிளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, கூடவே பாதத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அடுத்த நாள் ஒலி தனியாக வந்தபோதே எலிகள், மூச்சு விடுவதைத் தவிர வேறு அசைவின்றி உறைந்து நின்றன. உடனே அவற்றின் அமிக்டலாவில், அதாவது அச்சத்தைக் கற்பதில் முதன்மைப் பங்கு வகிக்கும் வாதுமைப் பருப்பு வடிவிலான மூளைப்பகுதியில், செல்கள் புதிய புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் அனைசோமைசின் என்னும் மருந்து செலுத்தப்பட்டது. மறுநாள் அதே ஒலியைக் கேட்டபோது அந்த எலிகளின் அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியைக் கேட்கவிடாமல் மருந்தை மட்டும் பெற்ற எலிகளிடமோ அச்சம் அப்படியே இருந்தது. ஒலி கேட்டு 6 மணி நேரம் கழித்துச் செலுத்தியபோதும் மருந்து பலிக்கவில்லை. நினைவுகூரப்படும் நினைவு சில மணி நேரத்துக்கு இளகிய நிலைக்குத் திரும்புகிறது என்பதும், அது மீண்டும் கெட்டிப்படப் புதிய புரதம் தேவைப்படுகிறது என்பதும் இதனால் புலனாயின. இவ்வாறு மீண்டும் கெட்டிப்படுவதே மறு உறுதிப்படல் எனப்படுகிறது.

பொங்கல் வைக்கும் எந்தச் சமையலறையிலும் இதற்கு ஒப்பான வேலை நடக்கிறது. வெல்லம் கட்டியாக இருக்கும்போது அதிலுள்ள மணலைப் பிரிக்க முடியாது. கத்தியால் சுரண்டினால் வெல்லம்தான் சிதறும். அதைத் தட்டித் தண்ணீரில் இட்டு, அடுப்பில் கரையவிட்டு, துணியில் வடிகட்டினால், மணல் துணியில் தங்கிவிட, தெளிந்த கரைசல் பாத்திரத்தில் இறங்குகிறது. நினைவும் கட்டியாக இருக்கும்வரை எந்த அறிவுரைக்கும் அசைவதில்லை. கரைந்திருக்கும் குறுகிய நேரத்தில்தான் அதில் கைவைக்க முடியும். அந்த நேரத்தில் மணல் நீங்கவும் கூடும், திறந்த பாத்திரத்தில் புது மணல் விழவும் கூடும். அனைசோமைசின் செய்வது வடிகட்டும் வேலையன்று; அது பாகின் பதத்தைக் கெடுத்துவிடுகிறது, பதம் தவறிய பாகு அச்சில் ஊற்றினாலும் கட்டியாவதில்லை.

அப்படியானால் கட்டியைக் கரைக்கும் தீ எது? இவ்வாராய்ச்சி முழுவதிலும் மிகவும் வியக்கத்தக்க விடை ஒரு நண்டிடமிருந்து கிடைத்தது. அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் மால்டொனாடோ, மரியா யூஜெனியா பெட்ரெய்ரா ஆகியோர் ஒரு கழிமுக நண்டைக் கிண்ணம் போன்ற கலத்தில் விட்டு, அதன் தலைக்கு மேலே ஓர் இருண்ட தகட்டை நகர்த்தினர். முதலில் நண்டு தப்பியோடப் பார்க்கும். தகடு பலமுறை கடந்த பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு அசையாமல் பதுங்கக் கற்றுக்கொள்ளும். மறுநாள் அதே கலத்தில் நண்டைச் சில நிமிடம் மட்டும் வைத்திருந்து, நிழல் வராமலேயே வெளியே எடுத்தால், அந்த நினைவு இளகிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களில் நிழல் வழக்கம்போலக் கடந்துவிட்டாலோ, நினைவு இளகுவதில்லை. நண்டைக் கலத்தை விட்டு எடுக்கும் கணமே, அதாவது எதிர்பார்த்தது வரப்போவதில்லை என்பது உறுதியாகும் கணமே, பூட்டு திறக்கும் கணம். நினைவுகூர்வது மட்டும் போதாது. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையில் ஒரு முரண் இருந்தாக வேண்டும் என்று 2004இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. நண்டின் மூளையிலிருந்து மனித மனத்துக்கு ஒரே தாவலில் தாவிவிட முடியாதுதான். எனினும் இரவெல்லாம் விழித்து, முறிந்த மணவாழ்க்கையின் கடைசிச் சண்டையை அதே சொற்களோடும் அதே முடிவோடும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு, நிழல் ஒவ்வொரு முறையும் தவறாமல் கடந்து செல்கிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நண்டை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிழல் படாமல் கலத்திலேயே விட்டுவைத்தால் நடப்பது வேறு: அச்சத் தணிவு, அதாவது இந்த இடத்தில் இனி ஆபத்தில்லை என்னும் புதிய பாடம். இது பழைய கட்டியைத் தொடுவதில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டியை வார்த்து வைக்கிறது. தணிந்துபோன எச்சிலூறல் ஓய்வுக்குப் பிறகு தானாகவே திரும்பி வருவதை நாய்களிடம் பாவ்லவ் முன்பே கண்டிருந்தார். தணிவு ஓர் அறையில் நிகழ்ந்திருந்தால், விலங்கை அந்த அறையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியதும் பழைய அச்சம் மீள்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மார்க் பூட்டன் நெடுங்காலம் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். இறப்பையோ பிரிவையோ கடந்துவிட்டதாக நம்பியிருந்த ஒருவர், ஆண்டுகள் கழித்துப் பழைய தெருவில் கால்வைத்ததும் நெஞ்சடைத்து நின்றால், அதை அவருடைய மனவலிமையின் குறை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது கொடுமையான தவறு. அவர் கற்ற புதிய பாடம் அழிந்துவிடவில்லை. அது கற்கப்பட்ட இடம் இதுவன்று, அவ்வளவே.

மனிதரிடம் வடிகட்டுதல் நடக்குமா என்பதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று 2009இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மெரல் கின்ட் குழுவிடமிருந்து வந்தது. சிலந்திப் படத்தோடு மின்னதிர்ச்சியை இணைத்துக் கற்றவர்களுக்கு, மறுநாள் அந்த நினைவைத் தூண்டுவதற்குமுன் 40 மில்லிகிராம் புரோப்ரனோலால், அதாவது இரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாக வழங்கிவரும் மாத்திரை, கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள், அந்தப் படத்துக்குப் பின் அதிர்ச்சி வரும் என்பது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் திடீர் ஒலிக்குக் கண்ணிமை அச்சத்தோடு துடிப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. வெல்லம் இருக்க, மணல் போயிற்று. இங்கேதான் நாளிதழ்கள் அழிக்கும் மாத்திரை என்று எழுதின; அழிந்தது நினைவன்று என்பதே அந்த ஆய்வின் முழுச் சிறப்பு. மருந்தே இல்லாமல், நினைவூட்டிய சிறிது நேரத்துக்குள் தணிவுப் பயிற்சி அளித்தே இதைச் சாதிக்கலாம் என்று 2010இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றைப் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் செய்து பார்த்தபோது, அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று 2020இல் வெளியிட்டனர். முதல் முடிவைக் கொண்டாடிய அளவுக்கு இரண்டாவதை எந்தத் தலைப்பும் கொண்டாடவில்லை.

ஆய்வகத்து அச்சத்துக்கு வயது ஒரு நாள்; மகனை இழந்த தாயின் துயரத்துக்கு வயது முப்பதாக இருக்கலாம். பழையதும் வலுவானதுமான நினைவு சிறு நினைவூட்டலுக்கு இளகுவதில்லை, அதற்கு நீண்ட நினைவூட்டல் வேண்டியிருக்கிறது என்பது சுண்டெலிகளிடமே தெரிந்த செய்தி; நாள்பட்டு இறுகிய வெல்லத்துக்கு அடுப்பில் கூடுதல் நேரம் வேண்டியிருப்பதைப் போன்றது அது. ஆகவே இன்றைக்கு நம்பி நாடக்கூடியதாக இருப்பது வடிகட்டும் துணியன்று, புதிய கட்டிகளை வார்க்கும் மெதுவான முறைதான். அஞ்சும் பொருளைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் அந்தச் சிகிச்சையை, தேர்ந்த உளவியலாளர்கள் பூட்டனின் ஆய்வை மனத்தில் கொண்டு, ஓர் அறையோடு நிறுத்தாமல் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேருந்திலும் தொடரச் செய்கிறார்கள்.