கையில் எவ்வளவு, கடன் எவ்வளவு?

நாற்பது வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஒருவர் வீடு வாங்கப்போகிறேன் என்றால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்டது "கையில எவ்வளவு இருக்கு?" என்றுதான். இன்று அதே பேச்சை அலுவலக கேன்டீனில் எடுத்தால் வரும் கேள்வி, "எலிஜிபிலிட்டி எவ்வளவு வருது?" முன்னது சேர்த்துவைத்ததை எண்ணச் சொன்னது. பின்னது இனிமேல் சம்பாதிக்கப்போவதை எண்ணச் சொல்கிறது.

அன்று கையிருப்பைத் தவிர வேறு பெரிய வழி இருக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டுக்கடனுக்கென்றே தொடங்கப்பட்ட ஹெச்.டி.எஃப்.சி. பிறந்ததே 1977-இல். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988-இல். கூட்டுறவு வீடு கட்டும் சங்கம், மயிலாப்பூர் வட்டாரத்து நிதிகள், வீட்டுவசதி வாரியக் குலுக்கலில் பெயர் விழுந்தால் தவணைமுறை வீடு, அரசு வேலையில் இருந்தால் வீடு கட்டும் முன்பணம் என்று நடுத்தரக் குடும்பத்துக்குத் திறந்திருந்த வாசல்கள் சொற்பம். இவற்றில் மத்திய அரசு ஊழியருக்கான முன்பணத்தின் ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும். முதலில் 180 மாதம் வரை அசலை மட்டும் பிடிப்பார்கள். அசல் தீர்ந்த பிறகே வட்டி, அதுவும் 60 மாதம் வரை. வட்டிக்கு வட்டி கிடையாது.

மற்றதெல்லாம் சீட்டு, பி.எஃப்., மனைவியின் நகை, மைத்துனரிடம் கைமாத்து. முப்பத்தைந்து வயதில் நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ அரை கிரவுண்டு வாங்கி, கல் நட்டு, வேலி போட்டுவிட்டு வருவார்கள். மழைக்காலத்தில் போனால் முழங்கால் தண்ணீர் நிற்கும். பத்து வருடம் கழித்து அஸ்திவாரம். பெண்ணின் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. மாடிக்கென்று விட்ட கம்பிகள் தூண்தலையில் துருப்பிடித்து நிற்கும். பணம் இருந்த அளவுக்குச் சுவர் எழுந்தது. பணம் தீர்ந்ததும் மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இதற்குள் ஒரு சோதனை ஒளிந்திருந்தது. மாதாமாதம் சீட்டுக் கட்டி ஐந்து வருடம் தவறாமல் நின்றவருக்கு, அந்தத் தொகை இல்லாமல் குடும்பம் நடத்த முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. சங்கத்தில் கடன் கேட்டால் உடன் வேலை பார்ப்பவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு இவர் சீட்டாடுவாரா, கடைசித் தேதிகளில் யாரிடம் கை நீட்டுவார், தங்கைக்குக் கல்யாணம் பாக்கியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இன்று அந்த இடத்தில் 300-லிருந்து 900 வரை ஓர் எண் நிற்கிறது. கிரெடிட் கார்டு பாக்கியை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று சிபில் ஸ்கோர் சொல்லும். ஊரில் அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை என்பதை அது அறியாது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சீட்டுப் பணம் சேர்வதற்குள் மனை விலை இரண்டு படி ஏறிவிடும். அடகுக்குப் போன வளையல்கள் பல வீடுகளில் திரும்பவேயில்லை. தனியார் கம்பெனியில் ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் பி.எஃப். முழுவதையும் செங்கல்லில் போட்டுவிட்டு, சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மருந்துச் செலவுக்கு மகன் கையை எதிர்பார்த்தார்கள். 1990-களில் கடன் கிடைத்தவர்களுக்கும் வட்டி 14, 15 சதவீதம். மாதாமாதம் தவணை கட்டினாலும் வருடக் கடைசியில்தான் அசலில் கழிக்கும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. கையில் பணம் சேரும்வரை காத்திருந்து, கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று முப்பது வயதிலேயே சாவி கைக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் வங்கி விடை சொல்வது அதன் கேள்விக்கு மட்டுமே: கொடுத்த பணம் திரும்புமா? ஏற்கெனவே உள்ள தவணைகளையும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிவரை போகலாம் என்பது பல வங்கிகளின் கணக்கு. மிச்சப் பாதியில் நீங்கள் எப்படி வாழ்வீர்கள் என்பது அதன் கவலை அல்ல. தவறினால் வீடு அதன் கையில் இருக்கிறது. அது தரும் எலிஜிபிலிட்டிக் கடிதத்தை வாங்கியவுடன், தாங்கள் தயார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் கைமாறி வரும் 70 லட்சம் ரூபாய் ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையான கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகக் கடன் 56 லட்சம், கைப்பணம் 14 லட்சம். பெரும்பாலானோர் கணக்கு இங்கே நின்றுவிடும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். அதுவே 6 லட்சத்து 30 ஆயிரம். வீட்டு மதிப்பைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்கக்கூடாது என்பதால், இதுவும் உங்கள் பையிலிருந்துதான். (பாதி விலையைப் பத்திரத்தில் எழுதி இதைத் தப்பித்த அந்தக் காலத்து வித்தை, கடனில் வாங்குகிறவருக்கு உதவாது. பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும்.) புரோக்கர் கமிஷன், வக்கீலின் லீகல் ஒப்பினியன், கடன் பரிசீலனைக் கட்டணம், பெயின்ட், கிரில், கப்போர்டு எல்லாம் இதற்கு மேல். 14 லட்சத்தோடு கிளம்பியவருக்கு 22 லட்சமாவது வேண்டியிருக்கும். அந்த எட்டு லட்சத்துக்குப் பர்சனல் லோன் எடுப்பவர், அன்றைக்கே தயாராக இல்லாதவர் என்பது என் தீர்மானம்.

56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 48,600. இதைக் கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் பெரும்பாலும் வங்கி ஒப்புக்கொள்கிறது. குழந்தை பிறந்து ஒருவர் இரண்டு வருடம் வேலையை விட்டாலோ, ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்று ஆட்குறைப்பு செய்தாலோ, தவணை பாதியாகாது. வருமானவரிச் சலுகையைச் சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வட்டி விகிதத்தில். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. 2020-இல் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 2021-இல் 6.5 சதவீதத்துக்கு 40 லட்சம் வாங்கிய முப்பது வயதுக்காரருக்கு, 20 வருடக் கணக்கில் தவணை சுமார் 29,800. இரண்டு வருடம் கட்டிய பிறகு பாக்கி 38 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வட்டி 9 ஆனதும் அந்தப் பாக்கியின் ஒரு மாத வட்டியே 28,400. அசலில் கழிவது வெறும் 1,400. அதே தவணையில் தொடர்ந்தால் மிச்சமிருந்த 18 வருடம் 34 வருடமாகிவிடும். 66 வயதில்தான் கடன் முடியும். குறித்தபடி 18 வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தவணை 35,500-க்கு ஏற வேண்டும். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025-இல் ரெப்போ மறுபடி இறங்கவும் தொடங்கியது. ஆனால் இன்றைய விகிதத்தில் மூச்சுப் பிடித்துச் சமாளிக்கும் தவணை, இரண்டு சதவீதம் ஏறினால் தாங்குமா என்று கணக்குப் போடாதவர், பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

பழைய சீட்டுச் சோதனையை இன்றும் நடத்திப் பார்க்கலாம். இப்போது வாடகை 18,000, வரப்போகும் தவணை 48,600, பராமரிப்பு 4,000 என்றால் வித்தியாசம் 34,600. ஒரு வருடம் அந்தத் தொகையைச் சம்பள நாளன்றே ஆர்.டி.யில் போட்டுவிட வேண்டும், ஏற்கெனவே செய்துவரும் சேமிப்பைத் தொடாமல். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, இன்சூரன்ஸ் பிரீமியம், ஊரில் ஒரு காதுகுத்து எல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் வந்து போகும். ஆர்.டி.யை நடுவில் உடைக்க நேர்ந்தால் போவது கொஞ்சம் வட்டி மட்டுமே. உடைக்காமல் முடித்தவர் கையில் வட்டி போகவே 4 லட்சத்து 15 ஆயிரம் இருக்கும். அந்த 70 லட்ச ஃபிளாட்டின் பதிவுச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.