வீட்டில் துவக்கும் விளையாடும் பிள்ளையும்

பெருநாள் காசு கைக்கு வந்ததும் நம் வீட்டுச் சிறுவர்கள் முதலில் ஓடுவது விளையாட்டுச் சாமான் கடைக்குத்தான். திரும்பி வரும்போது பாதிப் பேரின் கையில் துவக்கு இருக்கும். சிறிய பிளாஸ்டிக் உருண்டை பாய்கிற துவக்கு. வாசற்படி ஏறுவதற்கு முன்னரே அதை உம்மாவின் நெற்றிக்கு நேரே நீட்டி "டுமீல்" என்கிறான் மகன். உம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு சாய்கிறார். வீடே சிரிக்கிறது.

என்னால் அந்தச் சிரிப்பில் முழுமனதோடு கலந்துகொள்ள முடிவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

1991ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. கிழக்கில் எங்கள் மாமா ஊர்காவல் படையில் சேர்ந்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது விடுதலைப் புலிகள் சுட்டார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒன்பது நாட்கள் செல்வதற்குள் ஏறாவூரிலும் அதுபோல் நடந்தது. அதன் பின்னர் எல்லைப்புற ஊர்களில் இளைஞர்கள் இரவில் காவல் நின்றார்கள். மாமாவுக்கும் ஒரு துவக்குக் கொடுத்திருந்தார்கள். சுபஹுக்குப் பின் வீடு திரும்பி, அதை நெல் மூட்டைக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு உறங்குவார். எங்களைக் கூப்பிட்டு, "அதப் புடிச்சா கைய முறிச்சுப் போடுவன்" என்று ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லியிருந்தார். எங்களுக்கு நன்றாக விளங்கியும் இருந்தது.

ஆனாலும் ஒரு நாள் காலையில் நானும் மாமாவின் மகனும் அதை எடுத்தோம். தோட்டா உள்ளே இருந்தது எங்களுக்குத் தெரியாது. சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப் போயிற்று. கூரை ஓடு சிதறித் தலையில் விழுந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் மாமியின் நாற்பது நாள் கழிந்த பிள்ளை கிடந்தது. குழல் ஒரு முழம் தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று வரை நினைத்துப் பார்க்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னாளில் மத்ரஸாவில் ஹதீஸ் ஓதும்போது ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உங்களில் ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தைச் சுட்ட வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: ஷைத்தான் அதை அவருடைய கையிலிருந்து இழுத்துவிடக்கூடும், அவர் அறியமாட்டார், அதனால் நரகக் குழியில் விழுந்துவிடுவார். கொல்ல நினைத்தவனைப் பற்றிய பேச்சல்ல இது. கொல்ல நினைக்காதவனைப் பற்றியது. முஸ்லிமில் வரும் மற்றோர் அறிவிப்பில், ஒரே தாய் தந்தையின் பிள்ளையாக இருந்தாலும் அவனை நோக்கி இரும்பை நீட்டுபவனை மலக்குகள் சபிப்பதாக வருகிறது. கூடப்பிறந்தவனிடம் யார் பகையோடு நீட்டுவான்? வேடிக்கைக்குத்தான் நீட்டுவான். அந்த வேடிக்கையைத்தான் நபியவர்கள் தடுத்தார்கள்.

இவ்வாறான ஹதீஸ்கள் இன்னும் உள்ளன. அம்புகளோடு பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவுக்குள்ளோ வருபவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கக் கூடாது. ஒரு பயணத்தில், உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என அப்போது நபியவர்கள் கூறினார்கள்.

இதைக் கொண்டு மார்க்கம் ஆயுதமே கூடாது என்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அம்பெறியக் கற்பதை நபியவர்கள் ஊக்குவித்தார்கள்; வலிமை என்பது எறிவதில் இருக்கிறது என்று மிம்பரில் நின்று சொன்னதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தன் உயிரையும் குடும்பத்தையும் காப்பது உரிமை மட்டுமல்ல, சில வேளை கடமையும்கூட. ஆகவே கேள்வி ஆயுதம் வேண்டுமா வேண்டாமா என்பதோடு முடிவதில்லை. யார் வைத்திருப்பது, எங்கே வைப்பது, யாருடைய கைக்கு எட்டும்படி வைப்பது என்று அது நீள்கிறது.

இந்தக் கேள்வியை உலகிலேயே அதிகம் வாதிக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த வசனம் மக்கள் படையைப் பற்றியதா, தனிமனிதனைப் பற்றியதா என்று நெடுங்காலம் சச்சரவு நடந்தது. 2008இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அது தனிமனிதனின் உரிமையே எனத் தீர்த்தது. வீட்டில் உள்ள துப்பாக்கியைக் கழற்றி அல்லது விசைக்குப் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும் என்றிருந்த தலைநகரின் சட்டத்தையும் அதே தீர்ப்பு தள்ளியது. கள்ளன் வரும்போது பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கள்ளன் என்றோ ஒரு நாள்தான் வருவான். பிள்ளை ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

இன்று அந்நாட்டில் மக்கள் தொகையை விடப் பொதுமக்களிடமுள்ள துப்பாக்கிகளின் தொகை அதிகம் என மதிப்பிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு முதல் ஒரு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் துப்பாக்கியே. வாகன விபத்தும் எந்த ஒரு தனி நோயும் அதற்குப் பின்னால்தான். இதைப் படிக்கும் தாய்மார் ஒரு கணம் நிதானித்து யோசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்போர் அங்கு பலர். துப்பாக்கி வைத்திருப்போரின் பெரும் அமைப்பான தேசிய ரைபிள் சங்கம் 1988இல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு பாடத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கண்டால் நில், தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவரிடம் சொல். இவ்வளவுதான் பாடம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்பது வேறு. சொல்லிக்கொடுத்த பிள்ளை சொன்னபடி செய்கிறதா?

இதை அட்லாண்டா நகரில் வைத்தியர்கள் சோதித்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான 64 சிறுவர்களை இருவர் மூவராக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறை ஒன்றில் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. மறைவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. அவற்றுள் 16 குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒரு பிள்ளை விசையை இழுத்தது. துப்பாக்கியைக் கண்ட சிறுவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அது விளையாட்டுச் சாமான் என்று எண்ணினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று தெரியாமல் இருந்தார்கள். எடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முன்னரே ஏதோ ஒரு வகையில் பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்!

நானும் மாமாவின் மகனும் அந்தத் தொண்ணூறுக்குள் வருகிறவர்கள். சகோதரிகளே, பிள்ளையின் நெஞ்சில் அறிவு ஓரிடத்திலும் ஆசை வேறோரிடத்திலும் இருக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

நபியவர்கள் வீட்டைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். இரவில் கதவைச் சாத்துங்கள், பாத்திரங்களை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், எலி திரியை இழுத்துக்கொண்டுபோய் வீட்டாரை எரித்துவிடும் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. எலிக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆகவே விளக்கை அணைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பிள்ளைக்குப் புத்தி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். என்றாலும் விளக்கை அணைக்காமல் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எந்த வகையில் சேரும்?

அமெரிக்காவிலும் இந்தப் பக்கம் மெல்லத் திரும்புகிறார்கள். பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்தவர் குற்றவாளி என்ற சட்டத்தை 1989இல் புளோரிடா மாநிலம் முதலில் கொண்டுவந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அத்தகைய சட்டம் உண்டு. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் தன் பாடசாலையில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான் தகப்பன் அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். மறுநாளே தாய் அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றிருந்தார். பயிற்சி இருந்தது, பூட்டு இருக்கவில்லை. 2024இல் தாய் தகப்பன் இருவருமே குற்றவாளிகளாகக் காணப்பட்டு, பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். பாடசாலையில் பிள்ளை பலரைச் சுட்டுக் கொன்றதற்குப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதல் தடவை.

நியூசிலாந்தின் கதையும் நாம் அறிந்ததே. 2019 மார்ச் 15ஆம் திகதி ஜும்ஆவுக்கு வந்திருந்தவர்கள் மீது கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டான் ஒருவன். ஐம்பத்தொரு பேர் ஷஹீதானார்கள். மூன்று வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. அவன் அனுமதிப்பத்திரம் பெற்றே துப்பாக்கி வாங்கியிருந்தான். ஒரு மாதம் கழிவதற்குள், ஏப்ரல் 10ஆம் திகதி, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை அந்நாட்டுப் பாராளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. மக்களிடமிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அமெரிக்காவில் நியூடவுன் பாடசாலையில் 2012இல் இருபது பிஞ்சுகள் கொல்லப்பட்டபோது இதில் பாதியும் நடக்கவில்லை.

"பள்ளிவாசலில் யாரிடமாவது ஒரு துவக்கு இருந்திருந்தால்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க முஸ்லிம்களிடையேயும் இந்தப் பேச்சு உண்டு. ஆயுதம் தாங்கிய காவலரை வாசலில் நிறுத்தும் பள்ளிவாசல்கள் அங்கே இருக்கின்றன. 1990ஐக் கண்ட நம்மவர்கள் அப்படிக் கேட்டால் நான் கோபப்படமாட்டேன். மாமா போன்றவர்கள் காவல் நின்றதால்தான் எங்கள் தெருவில் பெண்கள் உறங்கினார்கள். ஆனால் கொடுக்கப்பட்ட துவக்குகள் எல்லாம் காவலோடு நின்றுவிட்டன என்று சொன்னால் அது உண்மையாகாது. 1992 ஏப்ரலில் பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் நம்மவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதற்குப் பதிலாக அயலிலிருந்த முத்துக்கல், கரப்பொல தமிழ்க் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டபோது, அதைச் செய்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். காப்பதற்கென வாங்கிய இரும்பு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வாங்குகிற நாளில் யாரும் அறிவதில்லை.

நமது நாட்டுச் சட்டம் இவ்விடயத்தில் இறுக்கமானது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துவக்கு வைத்திருக்க முடியாது. அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 இறுதியில் தற்பாதுகாப்புக்கென வழங்கியவற்றைக்கூட மீளாய்வுக்காகப் பாதுகாப்பு அமைச்சு திரும்பக் கேட்டது. நகரத்து வாசகியர், நம் வீட்டில் இல்லாத பொருளுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என எண்ணலாம். வயலும் சேனையும் உள்ள ஊர்களில் பன்றிக்கும் யானைக்கும் என்று துவக்கு வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. காட்டோரங்களில் களவாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கு ஆளையும் மாட்டையும் பார்த்து வெடிப்பதில்லை. விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பும் மூத்தம்மா வீடு அப்படி ஓர் ஊரில் இருக்கலாம். "உங்கட வீட்டுல துவக்கு இருக்கா, எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மூத்தப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் கணவரைக் கொண்டு கேட்கலாம்.

துவக்கு இருக்கும் வீடாயின், தோட்டாவைக் கழற்றி வேறிடத்தில் பூட்ட வேண்டும்; துவக்கைத் தனியாகப் பூட்ட வேண்டும். சாவி ஆணியில் தொங்கக் கூடாது. உயரத்தில் வைத்தேன், மறைத்து வைத்தேன் என்பதை நம்ப வேண்டாம். பெருநாளுக்கு ஒளித்து வைத்த பலகாரத்தை ஒரு நாளில் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள்!

எங்கள் வீட்டில் சம்பவத்துக்குப் பிறகு மாமி ஓர் ஒழுங்கு வைத்தார். மாமா காவல் முடிந்து வந்ததும் வாசலிலேயே நின்று தோட்டாக்களை எடுத்து மாமியின் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். மாமி அவற்றைத் தம் அலுமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மஃரிபுக்குப் பின் மாமா புறப்படும்போது மீண்டும் எண்ணிக் கொடுப்பார். மாமா அலுப்பில் முணுமுணுத்ததுண்டு. மாமி விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்தறிவு அதிகம் இல்லாத பெண்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: தொடாதே, விலகிப் போ, உடனே வந்து சொல். யுத்தம் நடந்த பிரதேசங்களில் கண்ணிவெடி பற்றிப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுத்ததும் இதையே. மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் மீள்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இதை நன்கு அறிவார்கள். வயலில் கிடக்கும் இரும்புத் துண்டுக்கும் இதே விதிதான். விளையாட்டுத் துவக்கையும் முகத்துக்கு நேரே நீட்ட விடாதீர்கள். உண்மையானதையும் பொய்யானதையும் பிரித்தறிவது பிள்ளைக்கு எளிதல்ல என்பதை அட்லாண்டாவின் சிறுவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பிள்ளை ஓடி வந்து, "உம்மா, அங்க ஒரு துவக்கு கெடக்கு" என்று சொன்னால், "நீ ஏன் அங்க போன?" என்று முதலில் கேட்காதீர்கள். அன்று சத்தம் கேட்டு ஓடி வந்த மாமி எங்கள் இருவரையும் அடிக்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளி எடுத்துத் தடவிப் பார்த்தார்; பிறகு எங்கள் தலையிலிருந்த ஓட்டுத் துகளைத் தட்டிவிட்டார். அதனால்தான் அடுத்த மாதம் வேலியோரத்தில் தோட்டா ஒன்று கிடப்பதைக் கண்டபோது, நாங்கள் இருவரும் அதைத் தொடாமல் நேரே அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம்.