தோகை பழுப்பது நட்டமா?

பல்லடம், தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளக்கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் மழை ஏமாற்றிவிட்டால், அடித்தோகை முதலில் பழுத்து, மஞ்சள் மெல்ல மேலேறும். காய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அது வெறும் வாடல் அல்ல; தோகையில் இருக்கும் தழைச்சத்தைப் பிரித்தெடுத்துக் கதிருக்கு அனுப்பும் வேலையும் அங்கே நடக்கிறது. அந்த வேலையை நெறிப்படுத்துவதில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்துக்குப் பங்குண்டு. அதில் இருப்பவை 76 அமினோ அமிலங்கள்தான். கழிக்க வேண்டிய புரதத்தின் மேல் இது முத்திரைபோலச் சங்கிலியாக ஒட்டிக்கொண்டால், புரோட்டியசோம் என்ற அரைவைக் கூடம் அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிடும். இந்த முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தோகையின் புரதம் முழுவதும் இப்படியே உடைகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதியை வேறு நொதிகள் உடைக்கின்றன. எந்தக் கட்டளைப் புரதம் நிலைக்கும், எது போகும் என்பதில்தான் முத்திரையின் அதிகாரம்.

தோகை பழுக்கும் இந்த மூப்புக்கு மட்டுமல்ல, இடருக்கும் இதே ஏற்பாடுதான். நெல்லில் வெள்ளத்தைத் தாங்கவைக்கும் சப்1ஏ புரதம், தன் இனப் புரதங்களை அழிக்கும் முத்திரைக்குத் தப்பிவிடுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்த சுவர்ணா சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியானது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கிறது.

அப்படியானால் முத்திரையைத் தடுத்து, தோகையைப் பச்சையாகவே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது, பழுதான புரதங்களை அகற்றுவதும் அதே முத்திரைதான். மூப்பை எந்த வழியில் தள்ளிப்போட்டாலும் விலை உண்டு. கோதுமையில் மூப்பைத் தொடங்கிவைக்கும் மரபணுக்களை அடக்கிப் பார்த்தார்கள். இலை மூன்று வாரத்துக்கும் மேல் கூடுதலாகப் பசுமையாக நின்றது. தானியத்தின் புரதம், துத்தநாகம், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 2006-ல் வெளியான முடிவு இது.

எத்தியோப்பிய வழிவந்த சில சோள ரகங்கள் வறட்சியிலும் பச்சையாக நின்று நல்ல மகசூலும் தருகின்றனவே? நியாயமான கேள்வி. அவை பூப்பதற்கு முன் இலைப்பரப்பைச் சிறிதாக வைத்து, மண்ணின் ஈரத்தை மிச்சம் பிடிக்கின்றன. மூப்பு தாமதமாவது அந்தச் சிக்கனத்தால்.

காங்கேயம் மாடுகளுக்குச் சோளத்தட்டை நம்பியிருக்கும் கொங்கு நாட்டுக்குத் தட்டும் வேண்டும், தானியமும் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 32 இரண்டுக்குமான ரகம்தான். அடுத்து எந்த ரகம் வந்தாலும், தட்டு எத்தனை டன் என்பதோடு தானியத்தில் புரதம் எவ்வளவு என்றும் விவசாயிகள் கேட்டு வாங்க வேண்டும்.