ஆகாயத்தில் எண்பது நிமிடம், தரையில் எட்டரை மணித்தியாலம்

"சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "ஒரு மணித்தியாலப் பயணம்தானே" என்று எம்மில் பலர் இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். சதக் கணக்கைக் கூடத் தவறாமல் எழுதி வைக்கும் வியாபாரி, நேரக் கணக்கில் மட்டும் அசட்டையாக இருந்துவிடுகிறார். நேரமும் முதல்தான்.

முதலில் ஆகாயக் கணக்கைப் பார்ப்போம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 645 கிலோமீற்றர். திருச்சிக்கு 415 கிலோமீற்றர் வரும். சென்னைக்குச் செல்லும் ஜெட் விமானத்துக்கு டிக்கட்டில் போட்டிருக்கும் நேரம் சுமார் 80 நிமிடம்.

யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர் மட்டுமே. தூரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆனால் நேரம் பாதியாவதில்லை. அங்கும் 75 நிமிடம் அளவில் பிடிக்கிறது. காரணம் விமானத்தின் வகை. பலாலியிலிருந்து பறப்பது ஏ.டி.ஆர். எனும் சிறிய காற்றாடி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில். ஜெட் 800ஐத் தாண்டும். அத்துடன் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலெழுவது, இறங்குவது ஆகியவற்றுக்கான நேரம், தூரம் குறைந்தாலும் அவ்வளவாகக் குறையாது.

பலாலி - சென்னைப் பாதை புதியதுமல்ல. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தனது முதலாவது பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. பல தசாப்த இடைவெளிக்குப் பின் 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது.

இனி எமது ஊர்க் கணக்கு. அக்குறணையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 110 கிலோமீற்றர். வாகன நெரிசலோடு மூன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். சென்னையில் குடிவரவும் பொதியும் முடிய ஒரு மணித்தியாலம், நகரத்துக்குள் போய்ச் சேர இன்னொன்று. ஆக, தரையில் எட்டரை, ஆகாயத்தில் எண்பது நிமிடம். மொத்தம் பத்து மணித்தியாலம்.

"நாங்கள் ஏ-9 வீதியில்தானே இருக்கிறோம், நேரே பலாலிக்குப் போனால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும், ஏழெட்டு மணித்தியாலம் போய்விடும். ஆகாயத்தில் மிச்சமாவது ஐந்து நிமிடம். வவுனியா, கிளிநொச்சி வியாபாரிகளுக்குப் பலாலி இலாபமாக அமையலாம், எமக்கு அல்ல.

ஆகவே போக பத்து, வர பத்து என்று கடையை விட்டு இருபது மணித்தியாலம் விலகி நிற்கிறீர்கள். இரண்டு வேலை நாட்கள் வழியிலேயே கழிகின்றன. பத்துத் துணிக்கட்டு வாங்கினாலும் நூறு வாங்கினாலும் இந்தச் செலவு மாறாது. எனவே அவசரத்துக்குச் சிறுகச் சிறுகப் போய்வருவதை விட, தேவைகளைச் சேர்த்து ஒரே பயணத்தில் முடிப்பதே புத்தி. திருச்சியில் கிடைக்கும் சரக்குக்குச் சென்னை வரை பறக்கவும் தேவையில்லை.

டிக்கட் விலை, சுங்கத் தீர்வை, கூலி ஆகியவற்றோடு இந்த இரண்டு நாட்களின் கடை வருமானத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பின் மிஞ்சுவதே உண்மையான இலாபம்.