புட்டியின் பின்புறம் படிக்கும் உரிமை: சலூன் ரசாயனங்களும் ஓசூர் எல்லைப்பகுதி மக்களும்

அம்மோனியா இல்லாத தலைச்சாயம், சல்பேட் இல்லாத ஷாம்பு, ஃபார்மலின் சேராத ஸ்ட்ரெய்ட்னிங் கிரீம் ஆகியவற்றை முடிதிருத்தகங்களும் அழகு நிலையங்களும் தேடி வாங்குவதற்கு வாடிக்கையாளரின் விருப்பம் மட்டும் காரணமன்று. வாடிக்கையாளர் மாதத்திற்கு ஒருமுறை பூசிக்கொள்ளும் பொருளை, அதைப் பூசிவிடும் தொழிலாளி ஒரே நாளில் பலமுறை கையால் தொட்டு, அதன் ஆவியை மூடிய அறையில் சுவாசிக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட தொகுப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சொந்த உபயோகத்திற்குச் சாயம் பூசிக்கொள்வதைப் பற்றி முடிவுகூறப் போதிய சான்று இல்லை என்ற அது, முடிதிருத்துவோர் தொழிலை மட்டும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது எனும் 2ஏ பிரிவில் வைத்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்தான பொருட்களைக் கையாளும் ஆலைகள் அவற்றின் தீங்கைத் தொழிலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சிப்காட் வளாகத்து ஆலைகளில் ரசாயன டிரம்மின் மேல் எச்சரிக்கைக் குறியைப் பார்த்துப் பழகியவர்கள் வாழும் அதே ஊரில், தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் வராத சிறு சலூனில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. அவருக்கும் அவரிடம் வருபவருக்கும் எஞ்சியிருக்கும் அறிவிப்பு, புட்டியின் பின்புறத்துச் சிறு எழுத்துகளே.

எந்தப் பொருளில் என்ன ஆபத்து

நிரந்தரச் சாயத்தில் அம்மோனியாவின் வேலை, முடியின் வெளிச்செதில்களை விரித்து நிறம் உள்ளே செல்ல வழிவிடுவது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அதை நீக்கிவிட்டு மோனோஎத்தனாலமின் போன்ற மணம் குறைந்த காரத்தைச் சேர்ப்பதால் நெடி தணிகிறதே தவிர, கருமை தரும் பாரா-ஃபீனைலீன்டைஅமின், சுருக்கமாக பி.பி.டி., பல பொருட்களில் அப்படியே நீடிக்கிறது. ஆகவே ‘அம்மோனியா இல்லை’ என்ற சொல்லை ‘ஒவ்வாமை வராது’ என்று பொருள்கொள்ளலாகாது. பி.பி.டி.க்கு ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடல் பெரும்பாலும் ஆயுள் முழுதும் அதை மறப்பதில்லை என்பதால், ஓரிரு நாள் கழித்து நெற்றி, காது, இமை ஆகியவை அரித்து வீங்கியவர் மறுமுறை அதே வகைச் சாயத்தைப் பூசுவது மேலும் கடுமையான விளைவைத் தரக்கூடும். மருதாணி இலையின் இயல்பான நிறம் செம்மை; எனவே சில நிமிடங்களில் கருநிறம் தருவதாகச் சொல்லும் ‘கருப்பு மருதாணி’யில் பி.பி.டி. கலந்திருக்கலாம் என்று ஐயுறுவது தகும். அச்சாயத்தை விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சடைப்பதும், தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழப்பதும் நேரும் என்பதால், வீட்டில் அது குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

முடி நேராக்கலில் ஆபத்தின் இயல்பு வேறு. ‘கெரட்டின்’ என்ற பெயரில் செய்யப்படும் சில முறைகளில், ஃபார்மால்டிஹைடு அல்லது அதை வெளிவிடும் பொருள் முடியில் பூசப்பட்டு, ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இரும்பால் அழுத்தப்படும்போது நச்சு வாயு எழுகிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என 2004-லேயே மேற்கண்ட முகமையால் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2020 முதல் 2022 வரை மூன்று முறை முடியை நேராக்கிய இளம்பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, 2024 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் வெளியிட்டது. ஒரு நச்சுப் பெயர் நீங்கியதாலேயே அதன் இடத்திற்கு வந்த பொருள் நல்லதாகிவிடாது என்பதற்கு இது சான்று.

சட்டம் சொல்வது

1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளும், உற்பத்தியாளரின் பெயர், முகவரி, தொகுதி எண், உரிம எண், காலாவதித் தேதி, உட்பொருட்களின் பட்டியல் ஆகியவற்றை லேபிளில் அச்சிடக் கட்டளையிடுகின்றன. பி.பி.டி. கலந்த சாயத்தில், தோல் எரிச்சல் வரக்கூடும், முன்சோதனை செய்ய வேண்டும், இமைக்கும் புருவத்திற்கும் பூசினால் பார்வை பறிபோகக்கூடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தோடு வட்டார மொழிகளிலும் இருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும், வடமாநிலத் தொழிலாளரும் வேலை செய்யும் ஓசூரில், அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவதும் கடைக்காரரின் கடமையாகக் கொள்ளத்தக்கது. பெயரில்லாத டப்பாவிலிருந்து ‘மூலிகை’ என்று சொல்லிப் பூசப்படும் கலவைக்கு இந்த விவரங்களில் ஒன்றுமே இல்லையென்றால், அதை மறுப்பது வாடிக்கையாளரின் உரிமை.

புட்டியின் முன்புறத்துப் பெரிய எழுத்துகளுக்கும் வரம்பு உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட, போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள், ‘தூய’, ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’ போன்ற சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இன்றிச் சுற்றுச்சூழல் பெருமைக்காகப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன.

தீர்வுக்கான வழி

பெங்களூரிலோ அத்திப்பள்ளியிலோ வாங்கிய பொருளுக்கு அங்கேயே சென்று வழக்காட வேண்டும் என்ற எண்ணம் இன்று பொருந்தாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகாரளிக்க இடம் தருகிறது; எனவே கர்நாடகத்தில் முடியை நேராக்கிக்கொண்ட ஓசூர்வாசி, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பொருளையே சோதிக்க விரும்புபவர், மருந்துகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, தாம் வாங்கியதைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பி அறிக்கை பெறலாம்.

ஆயினும் சான்று இன்றி உரிமை நிற்காது. டெல்லி நட்சத்திர விடுதியொன்றின் சலூனில் தவறாக முடி வெட்டப்பட்ட வழக்கில், தேசிய ஆணையம் 2021-இல் வழங்கிய 2 கோடி ரூபாய் இழப்பீட்டை, இழப்பை நிறுவும் ஆதாரம் போதவில்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆகவே பில்லைக் கேட்டு வாங்குவதும் (பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம்), புட்டியின் இருபுறமும் படமெடுப்பதும், வீக்கத்தைத் தேதியோடு பதிவுசெய்வதும், மருத்துவச் சீட்டைக் காப்பதும் இன்றியமையாதவை. முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ, முடி நேராக்கிய பின் வயிற்றுவலியோடு சிறுநீர் குறைந்தாலோ, வழக்கைப் பற்றி எண்ணுமுன் மருத்துவமனைக்குச் செல்வதே முதற்கடமை. 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

முடிதிருத்தும் தொழிலாளருக்கெனத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. அதில் பதிவுசெய்வதோடு, கையுறை, காற்றோட்டம், இரும்பின் வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை முதலாளியிடம் கேட்பதும் அவர்தம் உரிமையே.

காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது சாயம் பூசி 24 மணி நேரம் காத்திருக்கும் முன்சோதனையை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பது விதி. அதற்காக வாடிக்கையாளரை மறுநாள் வரச்சொல்லி ஒரு நாள் வரும்படியைத் தள்ளிப்போடும் சலூனே, விலையுயர்ந்த ‘மென்மையான’ புட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் சலூனைவிட நம்பத்தக்கது.